‘பேரு கெட்டுடும்’ என்றொரு மிரட்டல்

திங்கட்கிழமையும் புதன்கிழமையும் மட்டும் என் மகனுக்கு வயிறு வலிக்கும். நான்காம் ஆண்டு படிக்கிறான். செவ்வாய்க்கிழமை வலிக்காது. வெள்ளிக்கிழமை வலிக்கவே வலிக்காது. அந்த இரண்டு நாளும் காலை ஆறு மணிக்குச் சீருடையைப் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குள் போனால், வேன்காரர் ஹாரன் அடிக்கும்வரை வெளியே வரமாட்டான். கிளினிக்கில் இரண்டு முறை பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். ‘ஸ்கூலுக்குப் போகச் சோம்பேறித்தனம், வேற ஒன்னும் இல்ல’ என்றார் என் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். கால அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தவள் என் மகள். ஐந்து வயது. ஒரு சனிக்கிழமை மாலை அண்ணனும் தங்கையும் கூடத்தில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆசிரியர், கையில் ரூலர். அவள் மாணவி. நான் சமையலறையில் இருந்தேன்.

‘எந்திரி. வாசி.’

பாப்பா ஏதோ ஒப்பித்தாள்.

‘க-க-க-கப்பலா? ரேடியோ ரிப்பேரா போச்சா? எல்லாரும் சிரிங்க. சிரிங்கன்னு சொல்றேன்ல!’

பாப்பாவுக்குத் திக்குவாய் கிடையாது. என் மகனுக்குத்தான் உண்டு.

கேட்டவுடனே அவன் சொல்லிவிடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டால், இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நான்கு இரவுகள் ஆயின. வருடத் தொடக்கத்திலிருந்தே அந்த ஆசிரியர் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார். திக்கினால் அதேபோல் திக்கிக் காட்டுகிறார். ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தவரும் அவரே. இப்போது வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. வாக்கியத்தை முடிக்காவிட்டால் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும். ஒருநாள் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. காண்டீன் பக்கத்திலிருந்து மாப் எடுத்துவரச் சொல்லி அவனையே துடைக்க வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் அவருடைய பாடம். எந்த இரண்டு நாள் என்று சொல்லத் தேவையில்லை.

என் மகன் கதை இதோடு போதும். அதற்குப் பிறகு எங்களைச் சுற்றியிருந்த பெரியவர்கள் பேசிய பேச்சைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மைலோ கொண்டுவரச் சொன்னார், நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ‘அம்மா, நான் கூப்பிட்டுப் பேசிடுறேன். நீங்க எழுத்துல மட்டும் கொடுத்துடாதீங்க. எழுத்துல வந்துச்சுன்னா நான் பி.பி.டி.க்கு அனுப்பியாகணும். அப்புறம் நம்ப ஸ்கூல் பேரு கெட்டுடும்.’

அன்றிரவே பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்துவிட்டார். ‘தங்கச்சி, அந்த சார் பிள்ளைங்கள கதைப்போட்டிக்கு மாநில அளவுக்குக் கொண்டுபோனவரு. வாய்தான் கொஞ்சம் அப்படி. மனசு தங்கம். இன்னும் ரெண்டு வருஷம் உன் பையன் அங்கதான் படிக்கணும், பாத்துக்க.’ கடைசி வாக்கியத்தை அவர் அக்கறையோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

சித்தப்பா வந்தார். ‘எங்க காலத்துல வாத்தியாரு முட்டி போட வெச்சு ரோத்தானால வெளுப்பாரு. நாங்கல்லாம் நல்லா இல்லையா?’ அக்கா, ‘பேசாம சீனப் பள்ளிக்கு மாத்திடு’ என்றாள். சீனப் பள்ளியில் படித்த என் அலுவலகத் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் உள்ளங்கை வாங்கிய ரோத்தானுக்குக் கணக்கே இல்லையாம்.

ஆக, ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பேசித் தீர்த்துக்கொள், பொறுத்துக்கொள், பழகிக்கொள், ஓடிவிடு. எழுதிக் கொடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மட்டும்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், வேண்டாம் என்பதற்காக.

பேரு கெட்டுடும் என்கிற இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல 150 மாணவர்களுக்கும் குறைவான, அரசாங்கக் கணக்கில் ‘குறைந்த மாணவர்’ பள்ளிகள். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பதிவின்போது எத்தனை பிள்ளைகள் குறைந்தார்கள் என்று எண்ணுகிறோம். ‘தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு’ என்று பதாகை கட்டுகிறோம். அந்தப் பயம் உண்மையானது, எனக்கும் இருக்கிறது. நானும் என் கணவரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

ஆனால் அந்தப் பயத்தை யார் தோளில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். பள்ளியின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு வகுப்பில் பிள்ளையைப் பார்த்துத் திக்கிக் காட்டிய ஆளுக்கு இல்லை. தெரிந்தும் வாய் திறக்காத பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு இல்லை. பத்து வயதுப் பையன் அதைச் சுமக்க வேண்டும். அவன் நின்ற இடத்தில் நனைந்தால் பள்ளியின் பெயர் கெடாதாம், அவன் அம்மா ஓர் ஏ4 தாளில் எழுதிக் கொடுத்தால் கெட்டுவிடுமாம்.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? தோட்டத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் வைத்து 2016இல் இருநூறாண்டு கொண்டாடினோம். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி எழுத்தறிந்தது தோட்டத்துக் கொட்டகைப் பள்ளிகளில். அங்கே பல இடங்களில் கங்காணியும் கிராணியுமே வாத்தியார்களாக இருந்திருக்கிறார்கள். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடும் ஆளே மதியம் பிள்ளைக்கு ‘அ’ சொல்லிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் அப்பன் வாத்தியாரை எதிர்த்துப் பேசுவானா? பேசினால் வேலை போகும், லயத்து வீடு போகும். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுச் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டன. துரையும் போனார், கங்காணியும் போனார். கட்டிய கையை மட்டும் நாம் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்கு ‘குரு பக்தி’ என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டோம்.

ஆசிரியர் கடவுளுக்குச் சமம் என்று ஆசிரியர் தினத்தில் பேசுவோம். கடவுளை மாவட்டக் கல்வி இலாகாவில் புகார் செய்ய முடியாது. ஆசிரியர் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். அவரைச் செய்யலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த எட்டு மாதங்கள் நானும் ஒரு தோட்டப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பயிற்சி ஒன்றும் கிடையாது. வகுப்பில் ஒரு பெண், வெள்ளைப்பலகையில் இருப்பதை எல்லாரும் எழுதி முடித்தபிறகும் எழுதிக்கொண்டே இருப்பாள். நான் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தேன். வகுப்பு சிரித்தது. வகுப்பு சிரித்தால் ஒரு புதிய டீச்சருக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த நாளும் அதே பெயரில் கூப்பிட்டேன்.

பல வருடம் கழித்து அவளை ஒரு பசார் மாலாமில் பார்த்தேன். அப்பம் பாலேக் சுட்டுக்கொண்டிருந்தாள். ‘டீச்சர்!’ என்று அவளேதான் கூப்பிட்டாள். காசு வாங்க மறுத்தாள். பக்கத்தில் நின்ற தன் மகளிடம், ‘இவங்கதான் அம்மாவுக்கு ஆமைன்னு பேரு வெச்ச டீச்சர்’ என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்தாள். கோபமே இல்லை. நான் அந்த அப்பத்தைத் தின்ன முடியாமல் காரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பாவின் ‘நாங்கல்லாம் நல்லா இல்லையா?’ என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவள்தான். நன்றாகத்தான் இருக்கிறாள். உழைத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் நான் நடத்திய ஒரு பாடம்கூட அவளுக்கு நினைவில்லை. அந்தப் பெயர் மட்டும் இருக்கிறது. அடித்தும் அவமானப்படுத்தியும் வளர்த்த தலைமுறை நன்றாக இருப்பதாகச் சொல்லும்போது, படிப்பை நான்காம் ஆண்டோடும் ஆறாம் ஆண்டோடும் நிறுத்திக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போனவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் பெற்றோரில் பலர் பள்ளிக்குள் சட்டமே நுழையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியருக்கும் மட்டுமே உண்டு. பெண்பிள்ளைகளை அடிக்கக்கூடாது. ஆண்பிள்ளை என்றாலும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையில் அல்லது உடைக்கு மேல் பின்புறத்தில். மற்றபடி கன்னத்தில் அறைவதும் காதைத் திருகுவதும் டஸ்டரை வீசுவதும் எந்த விதியிலும் இல்லை. பட்டப்பெயர் வைப்பதும், குறையைச் செய்து காட்டுவதும், வகுப்பைச் சிரிக்கச் சொல்வதும் கண்டிப்பாக இல்லை. இவற்றைக் ‘கண்டிப்பு’ என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம்.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இதைவிடத் தெளிவு. அதன் 31ஆம் பிரிவு, தன் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு உடல் காயமோ மனக் காயமோ ஏற்படும்படி நடந்துகொள்வதைக் குற்றம் என்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 50,000 வெள்ளி அபராதம் அல்லது 20 ஆண்டு சிறை அல்லது இரண்டும். மனக் காயம் என்றால் என்ன என்பதற்கும் அதே சட்டம் விளக்கம் வைத்திருக்கிறது. பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போதல், மூர்க்கம், வளர்ச்சி தாமதம் ஆகியவை அதில் வருகின்றன. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசுவதை நிறுத்துகிறான் என்றால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லா ஆசிரியரையும் சிறைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று கேட்பவர்களுக்கு, விஷயம்தான் என்று நாடாளுமன்றம் எப்போதோ சொல்லிவிட்டதை நினைவூட்டுகிறேன்.

2018இல் நிபோங் தெபாலில், ஆசிரியரின் கைத்தொலைபேசியைத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஓர் இரண்டாம் படிவ மாணவி தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனாள். நம் வீட்டுப் பிள்ளை. அப்போது எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். 2024இல் அம்பாங் வட்டாரத்தில் 11 வயது மாணவன் ஒருவன் மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தப்பட்டதாகப் பெற்றோர் புகார் செய்ய, போலீஸ் சிறார் சட்டத்தின் அதே 31ஆம் பிரிவின்கீழ் விசாரித்தது. செய்தி வந்தால் கொதிக்கிறோம். செய்தியாகும் அளவுக்கு முற்றுவதற்கு முன்னால் எத்தனை திங்கட்கிழமைகள் இருந்திருக்கும் என்று யோசிப்பதில்லை.

கொதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறுத்துப்போகிறவர்களுக்கு அடுத்தபடியாக எனக்குப் பயம் தருபவர்கள் பொங்கி எழுகிறவர்கள். நம்மில் ஒரு சாரார் மாமன் மச்சானோடு பள்ளி கேட்டுக்குப் போய் நிற்பார்கள். ஆசிரியரின் சட்டையைப் பிடித்த அந்த நொடியில் வழக்கு தலைகீழாகிவிடும். அவர் பாதிக்கப்பட்டவர், நீங்கள் ரவுடி. பிள்ளைக்கு நடந்ததை அதன்பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொரு சாரார் முகநூலிலும் டிக்டாக்கிலும் நேரலை போடுவார்கள். ஆசிரியரின் படம், பள்ளியின் பெயர், அழுகிற பிள்ளையின் முகம். இரண்டு நாளில் ஆயிரம் பகிர்வு. மூன்றாம் நாள் வழக்கறிஞர் கடிதம் வரும். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இருக்கிறது. அதே விஷயத்தை அதிகாரம் உள்ள இடத்தில் நல்லெண்ணத்தோடு எழுதிப் புகார் செய்தால் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஊருக்கு ஒலிபரப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளையின் முகம். பத்து வயதில் அழுதது இருபது வயதிலும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் அழுதுகொண்டே இருக்கும். வகுப்பு சிரித்தது போதாது என்று ஊரையும் கூப்பிட்டுக் காட்டுவதுபோல்தான் அது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாதாரணக் கடிதம். எங்களுக்குக் கைகொடுத்ததும் அதுதான். எப்படிச் செய்தோம் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் கேட்டோம். போலீஸ்காரர்போல அல்ல. ‘சார் அடிச்சாரா, என்ன சொல்லித் திட்டினாரு?’ என்று நாமே பதிலை வாயில் வைத்துக் கேட்டால் பிள்ளை நாம் விரும்புவதைச் சொல்லிவிடும். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே ஒரு பள்ளி நோட்டில் எழுதினேன். எந்தத் தேதி, எந்தப் பாடம், அருகில் யார் இருந்தார்கள். வயிற்றுவலியால் பள்ளிக்குப் போகாத நாட்களையும், கிளினிக் ரசீதுகளையும் சேர்த்தேன். எங்கள் சண்டையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் அந்த மருந்துச் சீட்டுகள்தான். எல்லாமே திங்கள், புதன்.

பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். குழந்தை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்த்தார்கள். திக்குவாய் சோம்பலாலோ கவனக்குறைவாலோ வருவதில்லை, நெருக்கினால் கூடும் என்று அங்கே சொன்னதை ஒரு தாளில் வாங்கிக்கொண்டோம். உங்கள் பிள்ளைக்கு உடலில் காயம் இருந்தால் அன்றே படமெடுத்து, அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் காயம் ஆறிவிடும். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. ‘அரக்கன்’, ‘மனநோயாளி’ போன்ற சொற்களை என் கணவர் முதல் வரைவில் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் அடித்தேன். நடந்ததைத் தேதியோடு மட்டும் வைத்தோம். கடைசியில் நாங்கள் கேட்டது மூன்று: விசாரித்து எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும், விசாரணை முடியும்வரை அந்தப் பாடத்தை வேறொருவர் நடத்த வேண்டும், என் மகனை எழுப்பி வாசிக்கச் சொல்லும் முறைக்கு ஒரு மாற்று வேண்டும். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலகத்து ‘தெரிமா’ முத்திரையும் தேதியும் வாங்கினேன். முத்திரை குத்தும்போது அந்த கிராணி அம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை மறக்காது. கோபமா பாராட்டா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் பதில் இல்லை. மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதினோம். கூடவே கல்வி அமைச்சின் சிஸ்பா புகார் முறையில் இணையம்வழிப் பதிந்தோம். அதில் ஒரு குறிப்பு எண் கொடுப்பார்கள். அந்த எண் வந்தபிறகு ‘பேசிடுறேன்’ என்ற பேச்சு நின்றுவிட்டது. எண் உள்ள விஷயத்தை மேசை அறைக்குள் போட்டு மூட முடியாது. அதற்கு மேல் மாநில இலாகா, பொதுப் புகார் பிரிவு என்று படிகள் இருக்கின்றன. நீதிமன்றமும் இருக்கிறது. ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கே வராததை எதிர்த்துச் சபா, கோத்தா பெலுட் மாணவி ஒருவர் 2018இல் போட்ட வழக்கில், 2023இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆசிரியரோடு முதல்வரும் அரசாங்கமும் பிரதிவாதிகள். கம்பத்துப் பெண் ஒருத்தியால் முடிந்திருக்கிறது.

‘அந்த ஆள மாத்தி விட்டுருங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். இது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகளில் தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. எச்சரிக்கை, அபராதம், ஊதிய உரிமை இழப்பு, சம்பள உயர்வு ஒத்திவைப்பு, சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம், பணிநீக்கம். இடமாற்றம் அந்த வரிசையில் இல்லை. இடமாற்றம் என்பது உங்கள் பிள்ளையின் திங்கட்கிழமையை வேறொரு பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வைப்பது. பின்னர் எனக்குத் தெரியவந்தது, எங்கள் பள்ளிக்கும் அவர் அப்படித்தான் வந்திருக்கிறார். முந்தைய பள்ளியின் பெற்றோர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பேரு கெட்டுடுமே.

இப்போது ஆசிரியர் நண்பர்கள் சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். எனக்கு ஆசிரியர்களாகவே பத்துப் பேர் தெரியும். பாடம் நடத்துவதற்கு முன் அவர்கள் நிரப்ப வேண்டிய பாரங்களின் எண்ணிக்கையும், இரவு பதினோரு மணிக்குப் புலனக் குழுவில் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரியும். ‘இப்படி எல்லாரும் புகார் எழுத ஆரம்பிச்சா நாங்க பிள்ளைங்கள கண்டிக்கவே முடியாது, பொய்ப் புகார்ல மாட்டிக்குவோம்’ என்கிறார்கள். பொய்ப் புகார் வரத்தான் செய்யும். வீட்டுப்பாடம் செய்யாததற்குத் திட்டினாலே கொதிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். திட்டுவது வேறு, ஒரு பிள்ளையையே நாள்தோறும் குறிவைப்பது வேறு. இந்த வேறுபாட்டை எழுத்துதான் காட்டிக் கொடுக்கும். தேதி போட்டு எழுதினால் பொய் நிற்காது. அன்று ஆசிரியர் விடுப்பில் இருந்திருப்பார், அந்த வகுப்பே நடந்திருக்காது. வாய்ப்பேச்சில் பரவும் பொய்யைத்தான் எந்த ஆசிரியராலும் மறுக்க முடியாது. அதனால் எழுத்துப்பூர்வமான புகாரை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நல்ல ஆசிரியர்கள். ஒரு சக ஆசிரியரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர்கள் காக்கும் மௌனத்தால், ஒட்டுமொத்த ஆசிரியர்களையும் பெற்றோர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

இனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாவட்ட இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என் மகனோடு ஆலோசக ஆசிரியை முன்னிலையில் பேசினார்கள். அவன் வாயால் சொல்ல முடியாததை எழுதிக் காட்டியிருக்கிறான். வேறு இரண்டு பிள்ளைகளின் பெற்றோரும், எங்கள் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தாங்களும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஓர் அம்மா என்னிடம் முன்பு ‘என் பையனுக்கு ஒன்னும் இல்ல’ என்று சத்தியம் செய்தவர். பாடம் கைமாறியது. ஒழுங்கு நடவடிக்கையின் முடிவு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை குறிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஆசிரியர் ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்தார். ‘வெளையாட்டா செஞ்சது’ என்றார். நான் பதில் சொல்லவில்லை. பசார் மாலாமில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெண்ணிடம் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புலனக் குழுவில் நான் போடும் ‘காலை வணக்கம்’ செய்திக்கு இப்போது யாரும் பதில் போடுவதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் சங்கத் தலைவர் அண்ணன் என்னைக் கண்டதும் கூடாரத்தின் மறுபக்கம் போய்விட்டார். என் மகன் வகுப்பில் இன்னும் கை தூக்குவதில்லை. புதிய ஆசிரியை அவனை எழுப்பாமல், அவன் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து வாசிக்கக் கேட்கிறாராம். வயிற்றுவலி நின்றுவிட்டது. இதற்கு மேல் எதையும் வென்றுவிட்டதாக நான் சொல்லிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் பாப்பாவை முதலாம் ஆண்டுக்குப் பதிந்தோம். அதே பள்ளியில்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பதிவுத் தாளை வாங்கிய தலைமையாசிரியர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, ‘இங்கேயா அம்மா?’ என்றார்.

‘நம்ப ஸ்கூல்தானே ஐயா’ என்றேன்.

முத்திரை குத்தி நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.